எட்டு நாடுகளின் கோப்பை

ரேஸ்கோர்ஸ் பக்கத்து உள்ளரங்கில்
எட்டு நாட்டுக் கொடி கட்டியிருந்தார்கள்.
தைத்தது ஜெய்ஹிந்துபுரத்து டெய்லர்.
பிரேசிலின் நீல உருண்டை முட்டையாகிவிட்டது.
தூரத்து ஷாட்தானே, விடு என்றார்கள்.

வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குத்தான் பட்ஜெட்.
அவரும் கொடைக்கானலில் ஏழு வருஷமாக
ரொட்டி சுடுகிறவர். ரஷ்யா என்றார்கள், தலையாட்டினார்.
மீதி உலகம் மதுரையிலேயே கிடைத்தது.

பழங்காநத்தத்தில் ஜிம் வைத்திருக்கும் சிக்கந்தர், துருக்கி.
மஹால் தெரு கோவர்தன் மெக்சிகோ,
மீசையை மட்டும் கீழே இழுத்து ஒட்டினார்கள்.
பைபாஸ் ரோடு சலூனில் முடி வெட்டும் இபோம்சா
கேட்காமலே சீனா.
நான் கராத்தேயில் மாநில வெண்கலம், பகலில் பெட்ரோல் பங்க்.
என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு
கென்யா என்று எழுதிக்கொண்டார் உதவி இயக்குநர்.

மேக்கப்காரர் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.
"கறுப்பு பத்தாதும்மா."
முப்பத்தொரு வருஷத்தில்
யாரும் என்னிடம் சொல்லாத வாக்கியம்.
பெண் பார்க்க வந்த மூன்று குடும்பமும்
தட்டில் மிச்சம் வைத்துப் போன கேசரி
ஞாபகம் வந்தது.
ஸ்பாஞ்சால் அப்பிக்கொண்டிருந்தார்,
காது மடல், கழுத்து, கண்ணிமை.

சீனாவுக்கு வசனம் இருந்தது.
"சைனீஸ்ல எதாச்சும் அடிச்சு விடு தம்பி."
தெரியாது சார், நான் மணிப்பூர்.
"அதையே பேசு. கோவமாப் பேசு."
பேசினான். ஒரே டேக். எல்லோரும் கைதட்டினார்கள்.
டீ குடிக்கும்போது கேட்டேன், என்னடா சொன்னே?
"ஓனர் ஆகஸ்ட் சம்பளம் இன்னும் தரலக்கா, அத."
திரையில் அதற்குக் கீழே வந்த எழுத்து:
உன் ரத்தத்தில் என் வாளைக் கழுவுவேன்.

கதாநாயகன் கையில் நம் மண்ணின் கம்பு.
அதை அவர் பதினொரு நாள் பழகியிருந்தார்.
முதுகு தெரியும் காட்சிக்கெல்லாம்
அவனியாபுரத்து சோணைமுத்து.
அடித்ததும் மதுரை, விழுந்ததும் மதுரை,
நடுவில் அவர் உலகத்தை ஜெயித்தார்.

மூன்றாவது அடியில் நான் விழ வேண்டும்.
முதல் இரண்டும் என்னை எட்டவே இல்லை.
பழகிய கால், சொல்லாமலே எழும்பி
அவர் காதோரம் போய் நின்றது,
ஒரு விரல்கடை தூரத்தில்.
கட்.
அது படத்தில் இல்லை.

கழுவப் போனால் குழாயில் தண்ணீர் இல்லை.
துண்டால் துடைத்தது பாதி, மிச்சம் பாதியோடு
மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏறினேன்.
பக்கத்து இருக்கைப் பெண் சேலையைச் சுருட்டிக்கொண்டு
கொஞ்சம் அங்கிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.
தெரிந்த தூரம்தான். அன்றைக்கு இரண்டு விரல் கூடுதல்.

படத்தில் நான் முப்பத்தெட்டு விநாடி.
செல்லூர் தியேட்டரில் எண்ணினேன்.
நான் விழுந்ததும் விசில் பறந்தது.
அக்கா என்று தெரியாமல்
என் தம்பியும் அடித்தான்.

அதிலிருந்து பங்க்கில் என் பெயர் கென்யா.
"கென்யா, மூணாம் நம்பர்ல வண்டி நிக்குது."
சிரித்துக்கொண்டேதான் போவேன். பேர்தானே.

நேற்று, நாகமலைப் பக்கம் படிக்கும் பெண் ஒருத்தி,
நெற்றியிலிருந்து வரிவரியாய்ப் பின்னிய தலை,
ஸ்கூட்டி சீட்டைத் தூக்கிவிட்டு நின்றாள்.
காற்றடிக்கும் இடத்திலிருந்து சேதுபதி கத்தினான்:
"ஏ கென்யா!"

அவள் திரும்பினாள்.
நானும் திரும்பினேன்.

யார் கூப்பிட்டது, இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று
டயர் அடுக்கையும் காற்று மிஷினையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
எந்த நாடென்று
நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

காதுக்குப் பின்னால் எங்கோ இன்னும்
அந்தப் பூச்சு ஒட்டியிருப்பது போல
புறங்கையால் தேய்த்தேன்.
"இருநூறுக்கு" என்றாள், தமிழில்.
குழாயை மாட்டினேன்.
முகத்தைப் பார்க்காமல்
எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன்:
ஜீரோ பாத்துக்கங்க.